மணியின் தட்டு

உரைநடைப் பகுதி

கற்றல் நோக்கங்கள்

இப்பாடத்தைக் கற்றபின் மாணவர்கள்,
• வளர்ப்பு நாய்க்கு ஏற்ற உணவையும் ஏலாத உணவையும் வேறுபடுத்தி அறிவர்.
• உணவின் அளவைக் கணக்கிட்டுச் சொல்வர்.
• ஒலி ஒத்த சொற்களின் பொருள் வேறுபாட்டை உணர்ந்து எழுதுவர்.
• அஃறிணைப் பெயருக்கு ஏற்ற வினைமுற்றைப் பயன்படுத்துவர்.

நுழையும் முன்

நாம் விரும்பி உண்பதை நமக்கு அன்பானவர்களுக்கும் கொடுத்து மகிழ்கிறோம். வீட்டில் வளரும் நாய்க்கும் அவ்வாறே கொடுக்கிறோம். ஆனால் நம் உடலும் நாயின் உடலும் ஒன்றல்ல. நமக்கு நன்மை தரும் பொருள் நாய்க்குத் தீமை தரலாம். இதனைத் தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் எவ்வாறு அறிந்துகொண்டது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

தீபாவளிக்கு முதல் நாள்

ஏழாம் வகுப்பில் படிக்கும் இனியனின் குடும்பம் தில்லியில் அடுக்குமாடி வீடொன்றில் வசித்து வந்தது. வீட்டில் அப்பா, அம்மா, அக்கா யாழினி, விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து வந்து தங்கியிருந்த அப்பத்தா ஆகியோருடன் மணி என்னும் நாட்டு நாயும் இருந்தது. ஈராண்டுகளுக்கு முன் மழை நாளொன்றில் மாடிப்படியின் கீழ் நடுங்கிக் கொண்டிருந்த குட்டியை யாழினி எடுத்து வந்தாள். அக்குட்டிதான் வளர்ந்து மணியாயிற்று.

தீபாவளிக்கு முதல் நாள் மாலையில் அண்டை வீட்டார் உலர்பழப் பெட்டி ஒன்றைக் கொடுத்துச் சென்றனர். பாதாமும் முந்திரியும் உலர்திராட்சையும் அதில் தனித்தனிக் கட்டங்களில் நிறைந்திருந்தன. இனியன் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, "மணி, கை கொடு!" என்றான். மணி முன்னங்காலை நீட்டியது. அவன் ஓர் உலர்திராட்சையைக் கொடுத்தான். மீண்டும் கேட்டான், மீண்டும் கொடுத்தான். விளையாட்டு முடிந்தபோது அந்தக் கட்டம் காலியாகியிருந்தது. அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று அஞ்சி, பெட்டியை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டான்.

மூன்று மணி நேரம் சென்றது. மணி இருமுறை வாந்தி எடுத்தது. பிறகு கதவருகில் தலை சாய்த்துப் படுத்துக்கொண்டது. பெயர் சொல்லி அழைத்தும் வாலை ஆட்டவில்லை. "பட்டாசுச் சத்தத்துக்கு அஞ்சியிருக்கும்" என்றார் அப்பா. அப்பத்தா அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, "இல்லை ஐயா, இது அச்சமன்று. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. மருத்துவரிடம் கொண்டு போ" என்றார்.

மருத்துவர் கேட்ட வினா

இரவு பத்து மணிக்குக் கால்நடை மருத்துவமனையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மருத்துவர் மணியை மேசைமீது கிடத்திச் சோதித்தார். பிறகு நிமிர்ந்து, "இன்று காலை முதல் இது என்னென்ன உண்டது? ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள்" என்று இந்தியில் வினவினார்.

யாழினி மொழிபெயர்க்க, அப்பத்தா வரிசையாகச் சொன்னார். "காலையில் பாலும் ரொட்டியும். நண்பகலில் சாம்பார்ச் சோறு. மாலையில் ஒரு சப்பாத்தி."

"வேறு ஏதேனும்? இனிப்பு, சாக்லேட், உலர்பழம்?"

எவரும் பேசவில்லை. இனியன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மருத்துவர் எழுதுகோலை எடுத்தார். "அப்படியானால் இதனை அசீரணம் என்று கொண்டு மருந்து எழுதித் தருகிறேன். வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். காலையில் பார்க்கலாம்" என்றார்.

"காலையில்" என்னும் சொல் இனியனை உலுக்கியது. மணியின் விலா மெல்ல ஏறி இறங்குவதைக் கண்டான். "நான் கொடுத்தேன். பெட்டியிலிருந்த உலர்திராட்சை முழுவதையும் நான்தான் கொடுத்தேன். மாலை ஆறரை மணிக்கு" என்றான். அவன் குரல் தழுதழுத்தது.

மருத்துவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். உதவியாளரை அழைத்து, எஞ்சியிருப்பதை வாந்தியாக வெளிக்கொணர ஊசி போட்டார். மணியின் முன்னங்காலில் மயிரை மழித்து, நரம்பின் வழியே நீர்மம் ஏற்றினார். குருதியைச் சோதனைக்கு அனுப்பினார். பிறகுதான் நாற்காலியில் அமர்ந்து பேசினார்.

"திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. எத்தனை பழம் உண்டால் தீங்கு என்று உறுதியாக வரையறுக்க இயலாது. ஒரு நாய் பல பழங்களை உண்டும் நலமாக இருக்கலாம். மற்றொன்று சில பழங்களிலேயே நோயுறலாம். ஆகையால் ஒன்றுகூடக் கொடுக்கக்கூடாது. நேரம் கடந்து வந்திருந்தால் நஞ்சு குருதியில் கலந்திருக்கும். தம்பி, நீ உண்மையைச் சொன்னதால் நமக்கு ஓர் இரவு கிடைத்தது."

மூன்று நாள்கள் மணி மருத்துவமனையில் இருந்தது. நாள்தோறும் குருதிச் சோதனை நடந்தது. அவ்வாண்டு அந்த வீட்டில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, சிறுநீரகம் கெடவில்லை என்ற செய்தி வந்தது. இனியனைக் கண்டதும் மணி எழுந்து, கட்டுப் போட்ட முன்னங்காலை நீட்டியது. அவன் கையில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. காலைப் பற்றிக்கொண்டு அழுதான்.

நமக்கு அமுது, நாய்க்கு நஞ்சு

வீட்டுக்கு அனுப்பும்முன் மருத்துவர் அனைவரையும் அமரவைத்து, நாய்க்குக் கொடுக்கக்கூடாத பொருள்களை விளக்கினார். யாழினி அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

1. திராட்சை, உலர்திராட்சை: சிறுநீரகத்தைத் தாக்கும். கேக், பாயசம், புலவு ஆகியவற்றில் கலந்திருப்பதையும் கொடுக்கக்கூடாது.

2. புளி: திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே தீங்குக்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வமிலம் புளியில் மிகுதியாக உண்டு. புளி உண்ட நாய்களுக்கும் சிறுநீரகப் பாதிப்பு நேர்ந்துள்ளது. ஆதலால் சாம்பார், இரசம், புளிக்குழம்பு, புளியோதரை ஆகியவை நாய்க்கு ஏற்றவையல்ல.

3. வெங்காயம், பூண்டு: குருதியிலுள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் உலர்த்திப் பொடியாக்கினாலும் இக்குணம் மாறாது. சிறிது சிறிதாகப் பல நாள் கொடுத்தாலும் தீங்கு சேர்ந்துகொண்டே வரும். நாய் சோர்வதும் ஈறு வெளிறுவதும் சில நாள்கள் கழித்தே தெரியும்.

4. சாக்லேட், காப்பி, தேநீர்: சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்னும் பொருளை மனித உடல் விரைவில் வெளியேற்றிவிடும், நாயின் உடலில் அது நெடுநேரம் தங்கும். இதயத் துடிப்பு மிகும், வலிப்பும் வரலாம். சாக்லேட்டின் நிறம் கருக்கக் கருக்கத் தீங்கும் மிகும்.

5. சைலிட்டால்: சர்க்கரை சேர்க்காத சூயிங்கம், சில பற்பசைகள் முதலியவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கப்படுவது. நாயின் குருதியில் சர்க்கரையின் அளவை விரைவாகத் தாழ்த்தும், கல்லீரலையும் கெடுக்கும். வேர்க்கடலை வெண்ணெய் வாங்கும்போதும் இது சேர்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

6. வெந்த எலும்பு: வெந்த எலும்பு கூரிய சிம்புகளாக உடையும். தொண்டையிலோ குடலிலோ குத்திப் புண்ணாக்கும். கோழி எலும்பு நாய்க்கு விருந்து என்பது தவறான எண்ணம்.

7. எண்ணெயில் பொரித்தவை, கொழுப்பு மிகுந்தவை: கணையத்தில் அழற்சியை உண்டாக்கும். பண்டிகைக் காலப் பலகாரங்களால் இத்துன்பம் நேர்வதுண்டு.

"இவற்றுள் ஒன்றை நாய் உண்டுவிட்டால், நீங்களாக உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதுவும் ஆபத்து. எதை, எவ்வளவு, எப்போது உண்டது என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் வாருங்கள்" என்றார் மருத்துவர்.

அப்பத்தாவின் ஐயம்

அப்பத்தாவின் முகம் வாடியது. "சாம்பார்ச் சோற்றை நாள்தோறும் நான்தானே பிசைந்து வைத்தேன்! எங்கள் ஊரில் நாய்க்குக் கம்மங்கூழும் மோரும்தான் ஊற்றுவோம். அவை நன்றாகத்தானே இருந்தன?" என்று கேட்டார்.

யாழினி அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். மருத்துவர் புன்னகைத்தார். "அம்மா, நீங்கள் கேட்பது நல்ல வினா. உங்கள் ஊர் நாய் நாள் முழுதும் வயலில் திரிந்திருக்கும். எலி முதலியவற்றைப் பிடித்துத் தின்றிருக்கும். கூழ் மட்டுமே அதன் உணவு என்று கொள்ள இயலாது. கூழில் வெங்காயமும் புளியும் இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். மணியோ நான்கு சுவருக்குள் வாழ்கிறது. நாம் வைப்பதைத் தவிர வேறொன்றும் அதற்குக் கிடைக்காது. ஆகவே அதற்கு வேண்டிய சத்து முழுவதும் அந்தத் தட்டிலேயே இருக்க வேண்டும். இதன் குருதியில் சிவப்பணு சற்றுக் குறைந்திருக்கிறது. வெங்காயத்தை நிறுத்தினால் தேறிவிடும். நீங்கள் அன்பால் செய்ததில் குறையில்லை. அறியாததை அறிந்துகொண்டால் போதும்."

அப்பத்தா சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் என்ன சமைக்க வேண்டும் என்று கேள் கண்ணு" என்றார்.

நாய் எவ்வகை உயிர்?

பூனைக்குப் புலால் இன்றியமையாதது. நாய் அவ்வாறன்று. அது புலாலும் தாவரமும் கலந்து உண்ணவல்ல அனைத்துண்ணி. நாயும் ஓநாயும் ஒரே முன்னோர் வழி வந்தவையே. எனினும் மாவுப்பொருளைச் செரிக்க உதவும் மரபணுவின் படிகள் ஓநாயைவிட நாயிடம் பன்மடங்கு மிகுதி என்பதை 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது. மனிதரோடு வாழத் தொடங்கி, அவர் உண்ட தானிய உணவை உண்டு பழகியதன் விளைவு இது.

எனவே வேகவைத்த சோறும் நாய்க்கு ஏற்றதே. ஆனால் சோறு மட்டும் போதாது. தசை வளரப் புரதம் வேண்டும். தோலும் மயிரும் பொலியக் கொழுப்பு வேண்டும். எலும்பு வலுப்பெறச் சுண்ணாம்புச் சத்தும் எரியச் சத்தும் தக்க விகிதத்தில் வேண்டும். எலும்பில்லாத இறைச்சியும் சோறும் மட்டுமே கொடுத்துவந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறையும். வளரும் குட்டிக்கு இக்குறை எலும்பை வளைத்துவிடும். அதற்காக நாமே மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் தவறு. பெரிய இனக் குட்டிகளுக்கு அளவு மிஞ்சிய சுண்ணாம்புச் சத்தும் எலும்பைக் கெடுக்கும். அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

புலால் உண்ணாத குடும்பத்தினரும் நாய் வளர்க்கலாம். முட்டை, பனீர், நன்கு வெந்த பருப்பு ஆகியவற்றைக்கொண்டு மருத்துவரின் வழிகாட்டுதலுடன் உணவைத் திட்டமிடலாம். பால் வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் வயது ஏற ஏறக் குறைவதால் வயிற்றுப்போக்கு உண்டாகும்.

கடையில் விற்கும் உலர் உணவும் நல்லதே. வாங்கும்போது உறையைப் படிக்க வேண்டும். அது முழுமையான சமச்சீர் உணவு என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, குட்டிக்கு உரியதா வளர்ந்த நாய்க்கு உரியதா, காலாவதி நாள் எப்போது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உறையிலுள்ள அழகிய படத்தையோ விலையையோ மட்டும் நம்புதல் கூடாது.

அளவும் வேளையும்

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆவது அதிகாரத்தில் வள்ளுவர் உணவின் அளவையே மிகுதியும் பேசுகிறார். முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்டால் நோய் அணுகாது என்பது அவர் கருத்து. இக்கருத்து நாய்க்கும் பொருந்தும்.

மருத்துவர் ஓர் எளிய கணக்கைக் கற்பித்தார். நாயின் எடையை 30ஆல் பெருக்கி 70ஐக் கூட்டினால், ஓய்வாக இருக்கும்போது அதற்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் ஆற்றல் கிடைக்கும். கருத்தடை செய்யப்பட்ட வளர்ந்த நாயாயின் அதனை மேலும் 1.6ஆல் பெருக்க வேண்டும்.

மணியின் எடை 12 கிலோ.
30 × 12 + 70 = 430
430 × 1.6 = 688

ஆக, மணிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 690 கிலோகலோரி ஆற்றல் போதும். இதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகக் கொடுக்கலாகாது. அதாவது 69 கிலோகலோரி. நடுத்தரச் சப்பாத்தி ஒன்றே ஏறத்தாழ 100 கிலோகலோரி. 'ஒன்றுதானே' என்று நாம் கொடுக்கும் சப்பாத்தி மணியின் எல்லையைக் கடந்துவிடுகிறது.

இக்கணக்கு ஒரு தொடக்கமே. உடலின் நிலையைப் பார்த்து அளவைக் கூட்டியும் குறைத்தும் அமைக்க வேண்டும். அதற்கும் ஒரு வழி உண்டு. உங்கள் கையை விரித்து நீட்டி, புறங்கையை மற்றக் கையால் தடவிப் பாருங்கள். நாயின் விலாவைத் தடவும்போதும் எலும்புகள் அவ்வாறு தட்டுப்பட்டால் உடல் அளவாக உள்ளது. மடக்கிய முட்டிபோல் துருத்தியிருந்தால் மெலிந்துள்ளது. உள்ளங்கைபோல் எலும்பே தட்டுப்படாவிட்டால் பருத்துள்ளது.

இரண்டு மூன்று மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், அதன்பின் இரு வேளையும் உணவு கொடுக்கலாம். உணவை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல், பழைய உணவில் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஏழு முதல் பத்து நாள்களில் மாற்ற வேண்டும்.

நீரை மறத்தல் கூடாது. ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர் வரை நீர் தேவை. மணிக்கு இது 600 முதல் 720 மில்லிலிட்டர் ஆகும். நாய் நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாவைத் தொங்கவிட்டு இளைத்தே உடலைக் குளிர்விக்கிறது. எனவே தில்லியின் கோடையில் கிண்ணத்து நீரைப் பலமுறை மாற்றி நிரப்ப வேண்டும்.

புதிய தட்டு

மணி வீடு திரும்பிய மறுநாள் அப்பத்தா தனியாக ஒரு சிறு பாத்திரத்தை எடுத்து வைத்தார். அதில் எலும்பு நீக்கிய கோழி இறைச்சியும் அரிசியும் கேரட்டும் பறங்கிக்காயும் உப்பின்றி வெந்தன. மருத்துவர் எழுதிக்கொடுத்த சத்துப்பொடியை யாழினி அளந்து கலந்தாள். இனியன் தட்டை நிறுத்து, அளவைக் குறிப்பேட்டில் எழுதினான். தாளிக்காத, மணக்காத அவ்வுணவைப் பார்த்து, "இதை எப்படி உண்ணும்?" என்று அப்பத்தா கவலைப்பட்டார். மணி தட்டை நக்கித் துடைத்த பிறகே அவர் மனம் அமைதியுற்றது.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் கொடுக்கக்கூடாதவற்றின் பட்டியல் தமிழிலும் இந்தியிலும் உள்ளது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் விருந்தினரும் படிக்க வேண்டுமென்று இரு மொழியிலும் எழுதியவன் இனியன். பட்டியலின் முதல் வரி, 'உலர்திராட்சை'.

"மணி, கை கொடு!" என்று அவன் இன்றும் கேட்கிறான். மணி முன்னங்காலை நீட்டுகிறது. அவன் வெந்த கேரட் துண்டு ஒன்றைக் கொடுக்கிறான். அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறான்.

தெரிந்துகொள்வோம்

• சங்க இலக்கியத்தில் நாயைக் குறிக்க 'ஞமலி' என்னும் சொல் வழங்குகிறது.
• திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. அதில் வீரனுடன் அவன் நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரை எதிர்த்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு கூறுகிறது.
• இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழ்நாட்டு நாயினங்கள். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாயினங்களின் அஞ்சல்தலைகளுள் இராசபாளையமும் ஒன்று.

சொல்லும் பொருளும்

அப்பத்தா – அப்பாவின் தாய் (தென் மாவட்ட வழக்கு)
அசீரணம் – செரியாமை
குருதி – இரத்தம்
நீர்மம் – நீர் வடிவப் பொருள்
சிம்பு – கூரிய சிறு துண்டு
அழற்சி – உடலின் உட்பகுதி சிவந்து வீங்குதல்
அனைத்துண்ணி – தாவரம், புலால் இரண்டையும் உண்ணும் உயிர்
புலால் – இறைச்சி
எரியம் – பாஸ்பரஸ்
இளைத்தல் – (இங்கு) மூச்சு வாங்குதல்
பறங்கிக்காய் – மஞ்சள் பூசணி

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. திராட்சை நாயின் எவ்வுறுப்பைத் தாக்கும்?
(அ) நுரையீரல் (ஆ) சிறுநீரகம் (இ) கண் (ஈ) செவி

2. வெங்காயத்தின் தீய குணம் எப்போது நீங்கும்?
(அ) வேகவைத்தால் (ஆ) உலர்த்தினால் (இ) பொடியாக்கினால் (ஈ) எதனாலும் நீங்காது

3. நாய் ஒரு –––––.
(அ) தாவர உண்ணி (ஆ) ஊனுண்ணி (இ) அனைத்துண்ணி (ஈ) பூச்சியுண்ணி

4. 'முன்னங்கால்' எனும் சொல்லின் எதிர்ச்சொல் –––––.
(அ) பின்னங்கால் (ஆ) இடக்கால் (இ) வலக்கால் (ஈ) முழங்கால்

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. சாக்லேட்டில் உள்ள தீங்கு தரும் பொருள் –––––.
2. தின்பண்டம் நாள் உணவில் ––––– பங்குக்கு மேற்படலாகாது.
3. புதிய உணவுக்கு ஏழு முதல் ––––– நாள்களில் மாற வேண்டும்.

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. மருத்துவர் முதலில் எழுதிய தாளைக் கிழித்தது ஏன்?
2. நஞ்சுப் பொருளை நாய் உண்டுவிட்டால் குறித்துக்கொள்ள வேண்டிய மூன்று செய்திகள் யாவை?
3. வெந்த எலும்பைக் கொடுக்கக்கூடாது, ஏன்?

ஈ. ஐந்தாறு தொடர்களில் விடை தருக.

1. ஊர் நாயைப் பற்றி அப்பத்தா எழுப்பிய ஐயமும் மருத்துவர் கூறிய விளக்கமும் யாவை?
2. நாயின் உடல் அளவாக உள்ளதா என்பதைக் கையைக்கொண்டு எவ்வாறு அறியலாம்?

உ. விரிவாக விடை தருக.

உண்மையைச் சொல்ல இனியன் தயங்கியது ஏன்? அவன் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? காரணங்களுடன் எழுதுக.

ஊ. கணக்கிட்டு எழுதுக.

கருத்தடை செய்யப்பட்ட வளர்ந்த நாய் ஒன்றின் எடை 20 கிலோ.
1. அதற்கு ஒரு நாளைக்குத் தேவையான ஆற்றல் எவ்வளவு?
2. தின்பண்டத்துக்கு உரிய எல்லை எவ்வளவு?
3. அதற்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் வேண்டும்?

மொழிப்பயிற்சி

எ. ஒலி வேறுபாடு அறிந்து, அடைப்புக்குள் உள்ள சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்க.

1. நாய்க்குப் –––––க் குழம்பு ஆகாது. (புலி / புளி)
2. மணி –––––ஐ ஆட்டியது. (வால் / வாள்)
3. எலும்பு நீக்கிய கோழிக் ––––– வெந்தது. (கறி / கரி)
4. ––––– பெய்த நாளில் குட்டி கிடைத்தது. (மலை / மழை)

ஏ. அறிந்துகொள்க.

தமிழில் நாய், பூனை, மாடு முதலியவை அஃறிணை. 'மணி' என்று பெயரிட்டு அன்புடன் அழைத்தாலும் எழுத்து வழக்கில் 'மணி வந்தது' என்றே எழுத வேண்டும். பன்மையில் 'நாய்கள் வந்தன' என வரும். இந்தியில் நாயைக் குறிக்கும் சொல் ஆண்பால், பெண்பால் வேறுபாட்டுக்கு ஏற்ப வினை கொள்ளும். தமிழில் அவ்வேறுபாடு வினைமுற்றில் தோன்றாது.

பிழை நீக்கி எழுதுக.
1. மணி தட்டை நக்கினான்.
2. குட்டிகள் பால் குடித்தது.
3. நாய் மெதுவாக எழுந்தார்.

ஐ. பொருத்தமான வினைச்சொல்லை எழுதுக. (குரைக்கும், மெல்லும், பருகும், மோப்பம் பிடிக்கும்)

1. நாய் நீரைப் –––––.
2. அயலாரைக் கண்டால் நாய் –––––.
3. உணவை உண்ணும்முன் நாய் –––––.
4. கேரட் துண்டை நாய் –––––.

செயல்பாடு

1. நாய்க்குக் கொடுக்கக்கூடாத பொருள்களின் பட்டியலைத் தமிழிலும் நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியிலும் எழுதி, நாய் வளர்க்கும் அண்டை வீட்டார் ஒருவருக்குக் கொடுக்க.
2. உங்கள் தாத்தா, பாட்டி அல்லது ஊரிலுள்ள உறவினரிடம் தொலைபேசியில் பேசி, அவர்கள் இளமையில் நாய்க்கு என்ன உணவு கொடுத்தார்கள் எனக் கேட்டறிக. அதனைப் பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.